‘டபிள் கிளாஸ்’ எல்லாம் ‘சவுண்ட் புரூப்’ அல்ல: பாடசாலைப் பணத்தைக் கொடுக்கும் முன் இதை வாசியுங்கள்

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களில் இருப்பவர்கள், பழைய மாணவர் சங்கத்தார், புதிதாக வீடு கட்டுபவர்கள் மட்டுமாவது கடைசி வரை வாசியுங்கள்.

பதுளைப் பக்கம் இப்போது ஒரு புதுப் பேச்சு கேட்கிறது. வீதியோரப் பாடசாலைகளின் மண்டபத்துக்கும் ஸ்மார்ட் வகுப்பறைக்கும் ‘சவுண்ட் புரூப் ஜன்னல்’ போட வேண்டும் என்கிறார்கள். கட்டாரிலும் குவைத்திலும் இருக்கும் பழைய மாணவர்கள் பணம் அனுப்பத் தயார். தோட்டத்துப் பெற்றோரும் தம்மால் முடிந்ததைத் தருகிறார்கள். விலைமனு வருகிறது. அதில் ‘டபிள் கிளாஸ், சவுண்ட் புரூப்’ என்று இரண்டே சொல். கண்ணாடி எத்தனை மில்லிமீற்றர், எத்தனை டெசிபல் சத்தத்தைக் குறைக்கும், ஜன்னல் எப்படிப் பூட்டும் என்று ஒரு வரியும் இல்லை. விலை மட்டும் சாதாரண ஜன்னலைவிட மிக அதிகம்.

“சேர், ரெண்டு கண்ணாடி இருந்தா சத்தம் பாதியாகும் தானே?” என்று ஒரு தகப்பன் கேட்டார். இந்தக் கேள்விக்குச் சரியான பதிலை ஊரில் நாலு பேருக்காவது தெரிய வைக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு கண்ணாடி இருப்பதால் மட்டும் சத்தம் நிற்காது. சத்தத்தைத் தடுக்கும் கண்ணாடி வேறு, அதைப் பார்த்து அடையாளம் காண முடியும். அதைவிட முக்கியம், நம்முடைய பெரும்பாலான வகுப்பறைகளுக்குத் தேவை கண்ணாடியே அல்ல. பாடசாலையைச் சுற்றி அமைதி இருக்க வேண்டும் என்று சட்டம் ஏற்கெனவே சொல்லியிருக்கிறது. அந்த அமைதியைக் கேட்டு வாங்காமல், ஏழைப் பெற்றோரின் பணத்தில் கண்ணாடியாக விலைக்கு வாங்கப் பார்க்கிறோம்.

*சத்தம் சின்ன விஷயமா?*

இல்லை. பாடசாலையில் நிற்பவருக்குத் தெரியும். காலை ஏழரைக்குப் பிறகு வீதியில் போட்டிக்கு ஓடும் தனியார் பஸ்களின் ஹோர்ன். ஏற்றத்தில் முதல் கியரில் இரையும் லொறி. நடுவில் சூன் பாண் ஆட்டோவின் மெட்டு. அது பேத்தோவன் எழுதியது என்று தெரியாமலே நம் பிள்ளைகள் அதைப் பாணின் பாட்டாக மனப்பாடம் செய்துவிட்டார்கள். அப்புறம் லொத்தர் சீட்டு வாகனம். தோட்டப் பக்கம் போனால் சில பாடசாலைகளுக்குத் தேயிலைத் தொழிற்சாலையின் இரைச்சல். வடகீழ்ப் பருவமழை தொடங்கிவிட்டால் தகரக் கூரையின் கீழ் ஆசிரியரின் வாய் அசைவது மட்டும்தான் தெரியும்.

உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட சமூக இரைச்சல் வழிகாட்டியில், பாடம் நடக்கும்போது வகுப்பறைக்குள் பின்னணிச் சத்தம் 35 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று இருக்கிறது. காரணம் எளிது. ஆசிரியரின் குரல் பின்னணிச் சத்தத்தைவிடச் சுமார் 15 டெசிபலாவது மேலே நின்றால்தான் ஒவ்வொரு சொல்லும் பிள்ளைக்குத் தெளிவாகப் போய்ச் சேரும். பெரியவர்கள் பாதிச் சொல் கேட்டாலும் மீதியை ஊகித்துக்கொள்வார்கள். சொல்லையே புதிதாகக் கற்கும் பிள்ளை எதை வைத்து ஊகிக்கும்? வீட்டில் தமிழ் பேசிவிட்டு வந்து சிங்களமும் ஆங்கிலமும் படிக்கும் பிள்ளைக்கு இது இன்னும் கஷ்டம்.

இதற்கு நிரூபணம் இருக்கிறது. நியூயோர்க்கின் மன்ஹட்டனில் ஒரு ஆரம்பப் பாடசாலை. பக்கத்திலேயே உயர்த்தப்பட்ட தண்டவாளத்தில் ரயில் ஓடும். ஆர்லின் புரொன்சாஃப்ட் என்ற உளவியலாளர் தன் சக ஆய்வாளருடன் 1975இல் வெளியிட்ட ஆய்வில், ரயில் பக்கத்து வகுப்பறைப் பிள்ளைகளையும் அதே கட்டடத்தின் அமைதியான பக்கத்துப் பிள்ளைகளையும் ஒப்பிட்டார். ரயில் பக்கத்துப் பிள்ளைகள் வாசிப்பில் பின்தங்கியிருந்தார்கள். ஆறாம் வகுப்பில் அந்த இடைவெளி ஏறக்குறைய ஒரு வருடம். பிறகு தண்டவாளத்தில் ரப்பர் மெத்தை வைத்தார்கள், வகுப்பறைகளின் மேற்தளத்தில் ஒலியை உறிஞ்சும் பலகை அடித்தார்கள். 1981இல் வந்த அடுத்த ஆய்வில் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் சமம்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், சத்தம் பிறக்கும் இடத்திலும் கை வைத்தார்கள் என்பது. இதைப் பிறகு பார்ப்போம். இப்போது கண்ணாடிக்கு வருகிறேன்.

*டபிள் கிளாஸ் எதற்காக வந்தது?*

வெப்பத்துக்காக. இரண்டு கண்ணாடிக்கு நடுவில் அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. குளிர் நாடுகளில் உள்ளே இருக்கும் சூட்டைக் காக்கவும், வளைகுடாவில் ஏசியின் குளிரைக் காக்கவும் அதைப் போடுகிறார்கள். நம் சகோதரர்கள் கட்டாரில் பார்த்தது இதைத்தான். அங்கே ஜன்னலை மூடினால் வெளிச் சத்தம் குறைவதும் உண்மை. ஆனால் அதற்குப் பெரிய காரணம் கனமான சுவரும், இறுக்கமாக மூடும் ரப்பரும், திறக்கவே தேவையில்லாத ஏசி அறையும்.

கண்ணாடியை மட்டும் எடுத்துக்கொள்வோம். சத்தத்தைத் தடுக்கும் திறனுக்கு ஒரு அளவு உண்டு. ஆர்.டபிள்யூ. என்பார்கள், டெசிபலில் சொல்வார்கள். சாதாரண 4 மில்லிமீற்றர் ஒற்றைக் கண்ணாடிக்கு அது 30க்குச் சற்றுக் குறைவு. 4 மில்லிமீற்றர் கண்ணாடி, 12 மில்லிமீற்றர் இடைவெளி, மறுபடி 4 மில்லிமீற்றர் கண்ணாடி என்ற வழக்கமான டபிள் கிளாஸுக்கு 30, 31 அளவில். வித்தியாசம் ஒன்றோ இரண்டோ டெசிபல். 3 டெசிபல் குறைந்தால்கூட நம் காதுக்கு மட்டுமட்டாகத்தான் தெரியும். சத்தம் பாதியானது போல் தோன்றவே 10 டெசிபல் குறைய வேண்டும்.

இன்னொன்று கேளுங்கள். 6 மில்லிமீற்றர் ஒற்றைக் கண்ணாடி, அந்த 4-12-4 டபிள் கிளாஸுக்குக் குறைந்ததல்ல. ஏன் இப்படி? இரண்டு காரணம்.

முதலாவது, ஒரே தடிப்புள்ள இரண்டு மெல்லிய கண்ணாடியும் நடுக்காற்றும் சேர்ந்தால் மேளத்தின் இரண்டு தோல் மாதிரி ஒன்றாக அதிரும். நடுக்காற்று ஒரு சுருள் வில் போல வேலை செய்யும். 4-12-4 கண்ணாடிக்கு இந்த அதிர்வு 250 ஹேர்ட்ஸ் பக்கத்தில் விழுகிறது. அந்த இடத்தில் இரட்டைக் கண்ணாடி ஒற்றைக் கண்ணாடியைவிட மோசமாகக்கூட இருக்கும். பஸ், லொறி எஞ்சினின் தடித்த இரைச்சலில் ஒரு பகுதி அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

இரண்டாவது, ஒவ்வொரு தடிப்புக் கண்ணாடிக்கும் ஒரு பலவீனமான சுருதி உண்டு. 4 மில்லிமீற்றருக்கு 3000 ஹேர்ட்ஸ் பக்கம், 6 மில்லிமீற்றருக்கு 2000 பக்கம். இரண்டும் ஒரே தடிப்பு என்றால் இரண்டிலும் ஒரே இடத்தில் ஓட்டை. முதல் கண்ணாடியில் நுழைந்த சத்தம் இரண்டாவதிலும் அதே வழியால் வந்துவிடும்.

*அப்படியானால் சத்தத்துக்கான கண்ணாடி எது?*

நான்கு விஷயம் பார்க்க வேண்டும்.

ஒன்று, பாரம். கனமான கண்ணாடியை அசைப்பது கடினம்.

இரண்டு, இரண்டு கண்ணாடியும் வெவ்வேறு தடிப்பில் இருக்க வேண்டும். ஒன்று 10 என்றால் மற்றது 6 என்பது போல.

மூன்று, ஒரு கண்ணாடியாவது லெமினேட் ஆக இருக்க வேண்டும். அதாவது இரண்டு கண்ணாடித் தகட்டுக்கு நடுவில் பிளாஸ்டிக் படலம் ஒட்டியது. வாகனத்தின் முன் கண்ணாடி உடைந்தாலும் கொட்டாமல் தொங்கி நிற்கிறதே, அந்த வகை. பிரான்ஸில் எடுவார்ட் பெனெடிக்டஸ் 1909இல் இதற்குக் காப்புரிமை எடுத்தது பாதுகாப்பை நினைத்துத்தான். ஆனால் நடுப்படலம் அதிர்வை உள்வாங்குவதால் சத்தத்துக்கும் உதவுகிறது. சத்தத்துக்கென்றே இன்னும் மென்மையான படலம் வைத்துச் செய்யும் வகையும் இருக்கிறது.

நான்கு, இடைவெளி. 12 மில்லிமீற்றர் வெப்பத்துக்குப் போதும். சத்தத்துக்கு இடைவெளி கூடக் கூட நல்லது. இருக்கிற ஜன்னலுக்கு உள்பக்கமாக 4 அங்குலம் தள்ளி இன்னொரு ஜன்னல் போட்டால், விலை கூடிய பல டபிள் கிளாஸ்களை அது தோற்கடிக்கும்.

10 மில்லிமீற்றர் கண்ணாடி, இடைவெளி, 6.38 லெமினேட் என்று சேர்த்தால் 40 டெசிபலுக்குப் பக்கத்தில் வரும். அதுதான் காதுக்குத் தெரியும் வித்தியாசம்.

*பார்த்து அடையாளம் காண்பது எப்படி?*

இந்தப் பகுதியைச் சேமித்து வையுங்கள். பெரிய கருவி எதுவும் வேண்டாம்.

1. வெளிச்சப் பரிசோதனை. இரவில் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு மெழுகுவர்த்தியையோ லைட்டரையோ பிடித்து, சற்றுச் சாய்வாகப் பாருங்கள். ஒற்றைக் கண்ணாடியில் இரண்டு சுடர் தெரியும். டபிள் கிளாஸில் நான்கு, இரண்டு இரண்டாகச் சேர்ந்து. ஒவ்வொரு சோடிக்குள்ளும் இருக்கும் தூரம் அந்தக் கண்ணாடியின் தடிப்பைக் காட்டும். இரண்டு சோடியிலும் தூரம் ஒன்றாக இருந்தால் இரண்டும் ஒரே தடிப்பு. ஒன்று நெருக்கமாகவும் மற்றது அகலமாகவும் தெரிந்தால் தடிப்பு வேறு, நல்ல அறிகுறி. லெமினேட்டின் நடுப்படலம் தனிச் சுடரைக் காட்டாது. அது ஒரே தடித்த கண்ணாடி போலத்தான் தெரியும்.

2. சுடரின் நிறம். நான்கில் ஒன்று மட்டும் வேறு நிறமாகத் தெரிந்தால் அங்கே வெப்பத்தைத் தடுக்கும் மெல்லிய பூச்சு இருக்கிறது. அதற்கும் சத்தத்துக்கும் சம்பந்தம் இல்லை. அதைக் காட்டி ‘ஸ்பெஷல் கிளாஸ்’ என்று சொன்னால் ஏமாறாதீர்கள்.

3. விளிம்பு. சட்டத்துக்குள் போட்ட பிறகு விளிம்பு தெரியாது. ஆகவே பொருத்துவதற்கு முன்பே பாருங்கள். லெமினேட் என்றால் விளிம்பில் இரண்டு கண்ணாடிக்கு நடுவில் மெல்லிய கோடு ஓடும். 6.38, 6.76, 8.38 என்று தசமத்தில் தடிப்பு சொன்னால் அந்தத் தசமம்தான் படலம். 6.38 என்றால் 3 மில்லிமீற்றர் இரண்டும், நடுவில் 0.38 படலமும். வெறும் ‘6’ என்று எழுதியிருந்தால் லெமினேட் அல்ல.

4. மூலையில் உள்ள முத்திரை. கண்ணாடியின் மூலையில் சிறிதாகப் பொறித்திருப்பார்கள். ‘டெம்பர்ட்’ அல்லது ‘டஃபண்ட்’ என்று இருந்தால் அது பலப்படுத்திய கண்ணாடி. உடைந்தால் மணி மணியாகக் கொட்டும். பாதுகாப்புக்கு நல்லது, சத்தத்துக்கு அதே தடிப்புச் சாதாரணக் கண்ணாடிதான். ‘லெமினேட்டட்’ என்று இருக்கிறதா என்று தேடுங்கள். இரண்டு கண்ணாடிக்கு நடுவில் விளிம்போரம் ஓடும் அலுமினியப் பட்டியிலும் சில தயாரிப்பாளர்கள் பெயரும் தடிப்பும் அச்சிடுவார்கள். டோர்ச் அடித்துப் பாருங்கள்.

5. பாரம். எனக்கு மிகவும் பிடித்தது இது. ஒரு சதுர மீற்றர் கண்ணாடி, ஒரு மில்லிமீற்றர் தடிப்புக்கு இரண்டரைக் கிலோ. 4 அடிக்கு 3 அடிக் கண்ணாடி என்றால் 4-12-4 சுமார் 22 கிலோ. 10 மில்லிமீற்றரும் 6.38உம் சேர்ந்தது என்றால் சுமார் 45 கிலோ. ஆள் நிறுக்கும் தராசில் வைத்தாலே போதும். ஒரு ஆள் லேசாகத் தூக்கிக்கொண்டு நடந்தால் அது நீங்கள் பணம் கொடுத்த கண்ணாடி அல்ல.

6. தட்டிப் பார்ப்பது. விரல் கணுவால் தட்டினால் சாதாரணக் கண்ணாடி கணீர் என்னும், லெமினேட் மந்தமாக ஒலிக்கும். ஆனால் இது துணைச் சாட்சி மட்டுமே. இதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

7. ‘உள்ளே வெற்றிடம்’ என்ற பேச்சு. வழக்கமான டபிள் கிளாஸுக்குள் இருப்பது உலர்ந்த காற்று, அல்லது ஆர்கன் வாயு. உண்மையான வெற்றிடக் கண்ணாடி என்றால், இரண்டு தகடும் ஒன்றையொன்று உறிஞ்சி ஒட்டாமல் இருக்க நடுவில் புள்ளி புள்ளியாகச் சிறு தாங்கிகள் இருக்கும். புள்ளி இல்லை என்றால் வெற்றிடம் இல்லை. ஆர்கன் வெப்பத்துக்கு உதவும், சத்தத்தில் பெரிய மாற்றம் தராது.

8. தாள். கடைசிச் சாட்சி இதுதான். சத்தத்துக்கென்றே செய்த மென்படலத்தையும் சாதாரணப் படலத்தையும் கண்ணால் பிரித்தறிய முடியாது. தயாரிப்பாளரின் பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள். அதில் ஆர்.டபிள்யூ. எண்ணும், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இரண்டு சிறு கழித்தல் எண்களும் இருக்கும். இரண்டாவது எண் வீதிப் போக்குவரத்துக்கான திருத்தம். 38 என்றும் இரண்டாவது எண் கழித்தல் 5 என்றும் இருந்தால், பஸ் சத்தத்துக்கு உங்களுக்குக் கிடைப்பது 33 மட்டுமே. அந்த எண் கண்ணாடிக்கு மட்டுமா, சட்டத்தோடு சேர்ந்த முழு ஜன்னலுக்கா என்றும் கேளுங்கள்.

இந்தக் கேள்விகளைக் கேட்டால் நல்ல வியாபாரி கோபிக்க மாட்டார். சந்தோஷப்படுவார். ஏனென்றால் சரியான பொருளை விற்பவருக்கு விவரமான வாடிக்கையாளர் வேண்டும். கோபிப்பவரிடம் வாங்க வேண்டாம்.

*கண்ணாடி சரி, ஓட்டை?*

சத்தம் தண்ணீர் மாதிரி. வாளி எவ்வளவு உறுதியாக இருந்தாலும் ஓட்டை வழியாகப் போய்விடும். ஜன்னலின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், கண்ணாடி 40 டெசிபல் தடுத்தாலும் மொத்தமாகக் கிடைப்பது 20தான். இது கணக்கு, கருத்து அல்ல.

4 அடிக்கு 3 அடி ஜன்னலைச் சுற்றி 14 அடி ஓரம். அந்த ஓரம் முழுக்க அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு இடைவெளி இருந்தால் 21 சதுர அங்குலம். ஜன்னலின் மொத்தப் பரப்பு 1728 சதுர அங்குலம். நூற்றில் ஒன்றைத் தாண்டிவிட்டது! நம் ஊரில் போடும் தள்ளும் வகை அலுமினிய ஜன்னல்களில் தூரிகைப் பட்டிதான் இருக்கிறது, அதன் வழியே விரல் நுனி காற்றை உணரும். அப்படிப்பட்ட சட்டத்தில் விலை கூடிய கண்ணாடியைப் போடுவது, கிழிந்த பைக்குப் பூட்டுப் போடுவது போன்றது. சத்தம்தான் பிரச்சினை என்றால் கதவு போல் திறந்து, ரப்பரில் அழுந்தி மூடும் ஜன்னலைக் கேளுங்கள். சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பாஸ் நன்றாக அடைத்தாரா என்றும் பாருங்கள்.

*இப்போது நம் வகுப்பறையைப் பாருங்கள்*

கேட்கக் கஷ்டமான பகுதி இதுதான்.

நம் பாடசாலைகளில் எத்தனை வகுப்பறைக்கு நாலு பக்கமும் முழுச் சுவர் இருக்கிறது? அரைச்சுவர், மேலே கம்பி வலை. இல்லையென்றால் காற்றோட்டத்துக்கான பூக்கல். வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில் ஒரு கரும்பலகையோ தட்டியோதான் தடுப்பு. பக்கத்து வகுப்பின் வாய்ப்பாடு இந்த வகுப்பின் வரலாற்றுப் பாடத்துக்குள் வந்து விழுகிறது. இப்படிப்பட்ட கட்டடத்தில் வீதிப் பக்கத்து ஜன்னல்களுக்கு மட்டும் டபிள் கிளாஸ் போட்டு என்ன பயன்?

சரி, எல்லாவற்றையும் அடைத்துவிடுவோம் என்கிறீர்களா? நாற்பது பிள்ளைகளை உள்ளே வைத்து மூடினால் அரை மணித்தியாலத்தில் அறை புழுங்கும், பிள்ளைகள் தூங்கி விழுவார்கள். அப்புத்தளையிலோ பண்டாரவளையிலோ குளிரைச் சாக்காகச் சொல்லலாம். பதுளை நகரம் பள்ளத்தில் இருக்கிறது, பகலில் சூடு. மூடிய அறைக்கு ஏசி வேண்டும். ஏசிக்கு மின்கட்டணம் வேண்டும். மின்விசிறி பழுதானாலே திருத்தப் பணம் தேடும் பாடசாலைகள் நமக்குத் தெரியும். கடைசியில் என்ன நடக்கும்? ஜன்னலைத் திறந்து வைப்போம். திறந்த ஜன்னலில் எந்தக் கண்ணாடி இருந்தால் என்ன?

மழைச் சத்தமோ ஜன்னலால் வருவதே இல்லை. கூரையே மேளமாக இருக்கும்போது ஜன்னல் என்ன செய்யும்? அதற்கு மருந்து சீலிங். தகரத்துக்குக் கீழே இடைவெளி விட்டுப் பலகை அடித்து, முடிந்தால் மேலே பஞ்சு மாதிரியான இழைப்பொருள் பரப்பினால், மழைச் சத்தமும் குறையும், வெயில் சூடும் குறையும், வகுப்பறை எதிரொலியும் குறையும். ஒரே பணத்தில் மூன்று பயன்.

லயன் வீடுகளில் படிக்கும் பிள்ளைகளையும் மறக்க வேண்டாம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காமரா, தகரக் கூரை, பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி இந்த வீட்டுக்குள். பசறையிலும் லுணுகலையிலும் மடுல்சீமையிலும் அந்தப் பிள்ளைக்கு அமைதியாகக் கிடைக்கும் ஒரே இடம் பாடசாலையாகத்தான் இருக்க வேண்டும். ஆகவேதான் இந்தப் பணம் சரியான இடத்தில் செலவாக வேண்டும் என்று இவ்வளவு சொல்கிறேன்.

*சட்டம் ஏற்கெனவே தந்திருப்பது*

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1996இல் இரைச்சல் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வந்தன. அதில் ‘அமைதி வலயம்’ என்று ஒன்று இருக்கிறது. பாடசாலை, வைத்தியசாலை, நீதிமன்றம், பொது நூலகம் போன்றவற்றின் எல்லையிலிருந்து 100 மீற்றர். அங்கே பகலில் அனுமதிக்கப்பட்ட அளவு 50 டெசிபல், இரவில் 45.

இப்போது ஒரு சின்னக் கழித்தல் கணக்கு. சற்றுத் திறந்த ஜன்னலுள்ள சாதாரணச் சுவர் சுமார் 15 டெசிபல் சத்தத்தைக் குறைக்கும். 50இல் 15 போனால் 35. உலக சுகாதார நிறுவனம் வகுப்பறைக்குக் கேட்ட அதே 35! அதாவது அந்த ஒழுங்குவிதி சொல்வது நடந்தால், ஒரு கண்ணாடியும் வாங்காமல், ஜன்னலைத் திறந்து வைத்தபடியே நம் பிள்ளைகள் நிம்மதியாகப் படிக்கலாம். அரைச்சுவர் வகுப்புக்கு 15 கிடைக்காதுதான். இருந்தாலும் இன்றைய நிலையைவிட எவ்வளவோ மேல்.

ஓடும் வாகனங்களின் சத்தம் முழுவதையும் இந்த ஒரு ஒழுங்குவிதி தீர்க்காது. ஆனால் ஹோர்னுக்கு 2011இல் தனி ஒழுங்குவிதி வந்திருக்கிறது. நிலையாக ஒரே இடத்தில் ஒலிபெருக்கி வைப்பவர், பாடசாலைக்கு அருகில் வேலைத்தளம் நடத்துபவர் எல்லோரும் 1996ஆம் ஆண்டு விதிக்குள் வருகிறார்கள்.

ஒலிபெருக்கி என்றதும் சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. அதையும் பேசிவிடுவோம். 2007 நவம்பரில் உயர் நீதிமன்றம் வழங்கிய ஒலிபெருக்கித் தீர்ப்பு வெலிகமைப் பள்ளிவாசல் ஒன்றின் வழக்கிலிருந்து வந்தது. பள்ளி, கோயில், விகாரை, தேவாலயம் என்று பிரிக்காமல், இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு வைத்தது. கேட்க விரும்பாதவரைக் கட்டாயமாகக் கேட்க வைக்க முடியாது என்பதே அதன் சாரம்.

நான் பள்ளிக்குப் போகிறவன். பாங்கு சில நிமிடம், அது முடிந்துவிடும். நான் சொல்வது, பாடம் நடக்கும் நேரத்தில் வெளி ஒலிபெருக்கியில் மணிக்கணக்காகப் போகும் பயானும், கோயில் திருவிழாப் பாட்டும், பிரித் ஓதலும், அரசியல் கூட்டமும், கடைத் திறப்பு விழாவும் எல்லாம்தான். அவரவர் அவரவர் பெட்டியை உள்பக்கம் திருப்பினாலே போதும். நாம் முதலில் நம்முடையதைத் திருப்பினால், மற்றவரிடம் போய்க் கேட்க நமக்கு வாய் இருக்கும்.

*“சேர், சட்டம் தாளில்தான் இருக்கு”*

இந்தப் பதில் வரும் என்று தெரியும். நியாயமான பதில்தான். ஹோர்ன் அடிக்கும் பஸ்ஸை யார் பிடிப்பது? பரீட்சைக்கு இன்னும் சில மாதம்தான், சட்டம் நடைமுறைக்கு வரும் வரை பிள்ளை காத்திருக்க முடியுமா?

முடியாது. அதனால்தான் கண்ணாடியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முழுச் சுவரும் ஏசியும் உள்ள கணினி அறை, ஒலிப்பதிவு அறை, நெடுஞ்சாலையை ஒட்டிய பரீட்சை மண்டபம், இவற்றுக்குச் சரியான கண்ணாடி நியாயமான செலவு. வீதியோரத்தில் வீடு கட்டுபவருக்கும், எல்லையில் விடுதி நடத்துபவருக்கும் அப்படியே. மேலே சொன்ன எட்டு வழியிலும் பார்த்து வாங்குங்கள்.

ஆனால் ‘சட்டம் தாளில்’ என்பவர்களிடம் நான் கேட்கிறேன். எத்தனை பாடசாலை அபிவிருத்திச் சங்கம் மாநகர சபைக்கோ பிரதேச சபைக்கோ ஒரு கடிதம் எழுதியிருக்கிறது? மத்திய சுற்றாடல் அதிகார சபையிடம் சத்தத்தை அளந்து தரச் சொல்லிக் கேட்டிருக்கிறது? ‘ஹோர்ன் அடிக்காதே’ பலகைக்கு வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம் போயிருக்கிறது? கண்ணாடிக்குப் பணம் சேர்க்க வாட்ஸ்அப் குழு உடனே தொடங்குகிறோம். ஒரு கடிதத்தில் கையெழுத்துச் சேர்க்க மட்டும் தயங்குகிறோம்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. கண்ணாடி வாங்கும் வசதி நகரத்துப் பாடசாலைக்கு இருக்கும். தோட்டத்துப் பாடசாலைக்கு இருக்காது. பணம் இருக்கும் பாடசாலை தன்னை மூடிக்கொண்டால், வெளியே சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்கும் குரலும் போய்விடும். மீதிப் பாடசாலைகள் தனியாக நிற்கும். வீதியை அமைதியாக்கினால் எல்லாப் பிள்ளைக்கும் கிடைக்கும்.

*ஆகவே, பணம் சேர்த்து வைத்திருக்கும் சங்கங்களுக்கு*

முதலில், கைப்பேசியில் சத்தம் அளக்கும் செயலியைப் போட்டு ஒரு வாரம் ஒவ்வொரு பாடவேளையிலும் எழுதி வையுங்கள். செயலி துல்லியமல்ல, ஆனால் எந்த நேரம், எந்தப் பக்கம், எதனால் என்று காட்டும். அந்தத் தாளோடு சபைக்கும் பொலிஸுக்கும் கடிதம் கொடுங்கள்.

இரண்டாவது, செலவில்லாத மாற்றம். வீதிப் பக்கத்து அறைகளை களஞ்சியமாகவும் ஆசிரியர் அறையாகவும் மாற்றி, சின்ன வகுப்புகளை உள்பக்கம் கொண்டுபோங்கள். மன்ஹட்டன் ஆய்வு சொன்னது இதைத்தானே, ஒரே கட்டடத்தில் எந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள் என்பதே பிள்ளைகளின் வாசிப்பைப் பிரித்தது.

மூன்றாவது, சீலிங். அதற்குப் பிறகு வகுப்புகளுக்கு நடுவில் கூரை வரை முழுச் சுவர்.

நான்காவதாகத்தான் ஜன்னல். அப்போதும் விலைமனுவில் ‘சவுண்ட் புரூப்’ என்ற சொல்லை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் இதை எழுதச் சொல்லுங்கள்: இரண்டு கண்ணாடியின் தடிப்பு, லெமினேட்டா இல்லையா, இடைவெளி, பூட்டும் வகை, முழு ஜன்னலின் டெசிபல் எண். இதை எழுதித் தராதவருக்கு முற்பணம் கொடுக்காதீர்கள். பொருள் வந்ததும் நிறுத்துப் பாருங்கள்.

அந்தப் பணத்தில் கொழுந்து பறித்த கையின் காசும் இருக்கிறது, பாலைவன வெயிலில் நின்றவரின் காசும் இருக்கிறது. அதை எதற்குக் கொடுக்கிறோம் என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல, பொறுப்பு.

உங்கள் பாடசாலையில் எந்தச் சத்தம் அதிகம், அதற்கு யாராவது ஏதாவது செய்து பலன் கண்டீர்களா என்று கீழே எழுதுங்கள். இரண்டு மூன்று பாடசாலைகள் சேர்ந்தால் ஒரே கடிதமாகக் கொடுக்கலாம். சங்கங்களில் இருக்கும் நண்பர்களுக்கு இதைப் பகிர்ந்துவிடுங்கள்.